இருபத்தெட்டு டொலர் கட்சர்

என் தங்கை கல்யாணம் முடித்து இலண்டனுக்குப் போன இலையுதிர் காலத்தில், எங்கள் ரொறன்ரோ நகரத்துப் பேஸ்போல் அணி இரண்டாவது வருடமாகச் சம்பியன் ஆனது. முதல் வருடம் வென்றபோது, டோர்செட் பார்க் அப்பார்ட்மென்டில் நிலத்தில் மெத்தையைப் போட்டு அதில் இருந்து இருவரும் பார்த்தோம். இரண்டாம் வருடம் வீட்டில் சோபா இருந்தது, அவள் இல்லை. வென்ற செய்தி வந்ததும் கெனடி றோட்டு முழுக்கக் கார்கள் ஹோர்ன் அடித்துக்கொண்டு ஓடின. பல்கனிகளில் ஆட்கள் நின்று சட்டி தட்டினார்கள். நான் சோபாவில் வழக்கமாக இருக்கும் பக்கத்திலேயே இருந்தேன். கால் நீட்டிப் படுக்க இடம் இருந்தும் படுக்கவில்லை.

எனக்கு அப்போது முப்பத்து நாலு வயது. அம்மாவும் அப்பாவும் இறந்த பிறகு கொழும்பில் இருந்து ஒன்றாகப் புறப்பட்டு வந்தவர்கள் நாங்கள் இருவர்தான். இந்த விளையாட்டுப் பைத்தியம் முதலில் தங்கைக்குத்தான் பிடித்தது. அவள் வேலை செய்த பிஸ்கட் ஃபக்டரியில் ரேடியோ எந்நேரமும் ஓடும். "அக்கா, உந்த ரேடியோவைக் கேள், இங்கிலிஸ் தானா வரும்" என்று வீட்டிலும் போடத் தொடங்கினாள். அவள் சொன்னது பொய் இல்லை. செய்தி வாசிப்பவர்கள் ஓடுகிற பஸ் மாதிரி, ஏறவே முடியாது. பேஸ்போல் வர்ணனைக்காரர்கள் இரண்டு பந்துக்கு நடுவில் வானிலை சொல்வார்கள், காலையில் சாப்பிட்ட ரொட்டியைப் பற்றிச் சொல்வார்கள். சிறு வயதில் கிரிக்கெட் வர்ணனை கேட்டுப் பழகிய காதுக்கு அந்த நடை ஒத்துவந்தது. தங்கை போன பிறகு ரேடியோவை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. சமைக்கும்போதும் உடுப்பு மடிக்கும்போதும் வீட்டில் ஒரு குரல் இருந்தது.

டவுன்டவுனில் ஒரு காப்புறுதிக் கம்பனியில் எனக்கு வேலை. விபத்து நட்டஈடு கேட்டு வரும் விண்ணப்பங்களைக் கம்ப்யூட்டரில் பதிவதுதான் என் பகுதி. மத்தியானச் சாப்பாட்டை மேசையிலேயே முடித்துவிடுவேன். பகலில் ஆட்டம் நடக்கும் நாட்களில் ஒரு காதில் இயர்போன் இருக்கும். அப்படி ஒருநாள் ஒருவர் என் மேசைக்கு முன்னால் நின்று, "ஸ்கோர் என்ன?" என்று கேட்டார்.

அவர் விபத்துகளை விசாரிக்கும் பிரிவில் இருந்தவர். ஐம்பது வயது கடந்திருக்கும். மனைவி இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. கனடாவின் கிழக்குக் கரையில் ஒரு தீவில் பிறந்தவர் என்றதால், யாழ்ப்பாணத்து வழக்கப்படி நான் அவருக்கு மனதுக்குள் தீவுக்காரர் என்று பெயர் வைத்திருந்தேன். தினமும் டின் மீன் சான்ட்விச்தான் கொண்டுவருவார். அந்த மணத்துக்கு மற்றவர்கள் மேசையை விட்டு எழும்பிப் போவார்கள். எனக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அதனால் மத்தியானத்தில் என் மேசைக்குப் பக்கத்துக் கதிரையில் வந்து இருக்கத் தொடங்கினார். அதிகம் பேச மாட்டார். இயர்போனில் கேட்டதை நான் சொல்வேன், அவர் தலையாட்டுவார்.

அந்த மாரிக் குளிரில் ஒருநாள் அவர் சொன்னார்: "எங்கள் ஒஃபிசில் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு விளையாட்டு விளையாடுகிறோம். ஒருவர் மாற்றலாகிப் போய்விட்டார். ஒரு ஆள் குறைகிறது. வருகிறீர்களா?"

"எனக்குப் பந்து பிடிக்கத் தெரியாது" என்றேன்.

"எங்களில் ஒருவருக்கும் தெரியாது" என்றார்.

அந்த விளையாட்டு இதுதான். ஒவ்வொருவருக்கும் இருநூற்று அறுபது டொலர், கற்பனைக் காசு. அந்தக் காசுக்குள், உண்மையான அணிகளில் ஆடும் உண்மையான வீரர்கள் இருபத்து மூன்று பேரை ஏலத்தில் எடுக்க வேண்டும். கோடை முழுக்க அவர்கள் மைதானத்தில் அடிப்பதும் விடுவதும் எங்கள் கணக்கில் ஏறும். எங்கள் நகரத்து அணி ஆடும் லீக்கில் இருந்த பதினான்கு அணிகளுக்குள் மட்டும்தான் ஆட்களைத் தேடலாம். அந்த இருபத்து மூன்று பேரில் இரண்டு பேர் கட்சராக இருக்க வேண்டும்.

கட்சர் என்றால், கிரிக்கெட்டில் விக்கெட் காப்பாளர் மாதிரி, அடிப்பவருக்குப் பின்னால் முகமூடி போட்டுக் குந்தி இருந்து பந்தைப் பிடிப்பவர். ஒரு ஆட்டத்தில் நூறு தடவைக்கு மேல் குந்தி எழும்ப வேண்டும். முழங்கால் போய்விடும், விரல் முறியும், கிழமையில் ஒருநாளாவது ஓய்வு கொடுப்பார்கள். பந்து பிடிக்கும் கைக்காகத்தான் அவர்களை வைத்திருப்பார்கள். அடிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. ரேடியோவில் பந்து எறிபவரின் பெயர் ஒவ்வொரு பந்துக்கும் வரும். கட்சரின் பெயர், பந்தைத் தவற விட்டால்தான் வரும்.

இதனால் ஒஃபிசில் எல்லோரும் ஒரே பாடத்தைத்தான் படித்திருந்தார்கள்: கட்சருக்குக் காசைக் கொட்டாதே. கடைசியில் ஒரு டொலருக்குக் கிடைக்கிற இரண்டு பேரைப் போட்டு இடத்தை நிரப்பு.

நான் மாரி முழுக்க அதையே யோசித்தேன். எனக்கு யோசிக்க நேரம் இருந்தது. வேலையால் வந்து சோறு வைத்து, போன வருடத்து அடிகளின் கணக்கு அச்சிட்ட ஒரு சஞ்சிகையை மேசையில் விரித்துக்கொண்டு இருப்பேன். பன்னிரண்டு பேருக்கு இரண்டு கட்சர்படி இருபத்து நாலு வேண்டும். பதினான்கு அணியிலும் முதல் ஆள், மாற்று ஆள் என்று எண்ணினால் இருபத்தெட்டுப் பேர்தான் தேறும். அதாவது கொஞ்சம் பிந்தினால், வாரத்துக்கு ஒருநாள் ஆடுகிற, அதிலும் அடிக்காத ஒருவர்தான் கைக்கு வருவார். நல்லாக அடிக்கிற கட்சர் ஒருவர் எத்தனை தடவை பந்தை வேலிக்கு வெளியே அனுப்பி ஹோம் ரன் அடிக்கிறார் என்பதை மட்டும் பார்த்தால் அவர் பெரிய ஆளாகத் தெரிய மாட்டார். அவருக்கும் அந்தக் கடைசி ஒரு டொலர் ஆளுக்கும் எவ்வளவு தூரம் என்று பார்த்தால்தான் அவருடைய விலை தெரியும். வேறு இடங்களில் இருபது ஹோம் ரன் அடிப்பவர்கள் வரிசையில் நின்றார்கள். கட்சர்களில் அப்படி மூன்று பேர்கூட இல்லை.

இன்னொன்றும் கண்டேன். இரண்டாவது கட்சருக்கு, தினமும் ஆடி மோசமாக அடிக்கிற ஒருவரை எடுப்பதை விட, ஆட்டத்தில் இறங்காமல் வாங்கில் சும்மா இருக்கிற ஒருவரை எடுப்பது நல்லது. சும்மா இருப்பவர் உங்கள் சராசரியைக் கெடுக்க மாட்டார்.

இலண்டனுக்கு ஞாயிறு காலையில் ரெலிபோன் எடுத்தபோது தங்கைக்கு இதை விளக்கினேன். அவள் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "அக்கா, உனக்கு விசரே? இல்லாத காசுக்கு ஆரோ ஒருத்தனை வாங்கி என்ன செய்யப் போறாய்?"

"நீதானே இதைக் கேக்கப் பழக்கினனீ."

"அது அங்கை. இஞ்சை உந்த விளையாட்டே இல்லை." பின்னால் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். "அக்கா, மாமி வந்திட்டா. பேந்து எடுக்கிறன்."

அவள் அப்படிப் பிறகு எடுப்பது கிழமைக்கு ஒருதரம் இருந்து மாதத்துக்கு ஒருதரம் ஆகிக்கொண்டிருந்தது. அவளில் பிழை சொல்ல ஒன்றும் இல்லை. புது வீடு, புது ஆட்கள்.

ஏலம் ஏப்ரல் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை, ஒஃபிசின் பெரிய கூட்ட அறையில் நடந்தது. பதினொரு ஆண்களும் நானும். வெறுங்கையோடு போகக்கூடாது என்று விடியவே எழும்பி உறைப்பான ரோல்ஸ் பொரித்துக் கொண்டுபோனேன். முதல் அரை மணித்தியாலத்துக்கு ஒருவரும் அதைத் தொடவில்லை. தீவுக்காரர் ஒன்றை எடுத்துக் கடித்து, கண்ணில் தண்ணீர் வர, "இதை யாரும் சாப்பிடாதீர்கள், எல்லாம் எனக்கு வேண்டும்" என்றார். பிறகு தட்டுக் காலியானது.

கணக்குப் பிரிவு மேலாளர்தான் ஏலம் கூறினார். கோப்பையில் கரண்டியால் தட்டுவார்: ஒருதரம், இரண்டுதரம், போச்சு. கோயிலில் திருவிழா முடிய மாம்பழத்தை ஏலம் விடும்போது வருகிற அதே சூடு அந்த அறையில் இருந்தது. எனக்குக் குரல் எழும்பவில்லை. முதல் சில பேருக்கு நான் கேட்ட விலை ஒருவருக்கும் கேட்கவில்லை. கையை உயர்த்தத் தொடங்கினேன்.

மேற்குப் பக்கத்து அணி ஒன்றின் கட்சர் பெயர் வந்தது. அந்த மாரி முழுக்க நான் யோசித்துவைத்திருந்த ஆள். இருபத்தாறு வயது, நல்ல கை, நல்ல அடி. ஐந்து டொலரில் தொடங்கியது. விலை பன்னிரண்டு டொலர் ஆனதும் அநேகமானோர் விட்டுவிட்டார்கள். நான் கையை இறக்கவில்லை. மேசையின் மறுபக்கத்தில் தீவுக்காரரும் இறக்கவில்லை.

"பதினெட்டு" என்றார்.

"பத்தொன்பது."

"இருபத்திரண்டு."

யாரோ சிரித்தார்கள். "இது கட்சர், தெரியும்தானே?" என்று ஒருவர் எனக்குச் சொன்னார். தெரியும் என்று தலையாட்டினேன். தீவுக்காரர் என்னைப் பார்த்தார். மத்தியானத்தில் மேசைக்குப் பக்கத்தில் இருந்து தலையாட்டும் மனிதர் போல இல்லை. அப்போதுதான் முதன்முதல் காண்பவர் போலப் பார்த்தார். என்னைப் போலவே அவரும் அந்த இருபத்தெட்டுப் பேரையும் தனியே இருந்து எண்ணியிருக்கிறார் என்று எனக்கு விளங்கியது. அப்படி ஒருவர் எதிரில் இருந்தது எனக்கு ஏன் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

"இருபத்தேழு" என்றார்.

"இருபத்தெட்டு."

அவர் பேனாவை மூடி வைத்தார். கரண்டி தட்டியது. அறையில் எல்லோரும் கை தட்டினார்கள், பாதி கேலியாக. எஞ்சிய கட்சர் இடத்துக்கு, சும்மா இருக்கிற ஒரு மாற்று ஆளை ஒரு டொலருக்கு எடுத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ரெலிபோன் அடித்தது. தங்கை என்று ஓடிப்போய் எடுத்தேன். தீவுக்காரர். "உங்கள் கட்சர் நேற்று இரண்டு ஹோம் ரன் அடித்தார், பார்த்தீர்களா?" என்றார். பத்திரிகையில் பார்த்துவிட்டேன் என்றேன். அப்படித் தொடங்கியது. ஒவ்வொரு ஞாயிறும் எடுப்பார். தான் எடுத்த கட்சர் ஒரு சோம்பேறி என்பார். ஏன் என்று கேட்பேன். பேச்சு எங்கெங்கோ போகும். அவர் மனைவி தோட்டத்தில் வைத்த செடிகளுக்குப் பெயர் தெரியாமல் எல்லாவற்றுக்கும் ஒரே அளவு தண்ணீர் ஊற்றுவதாக ஒருநாள் சொன்னார். சிலது செத்துவிட்டதாம். நான் எங்கள் வீட்டுக் கறிவேப்பிலைக் கன்று இந்தக் குளிரில் படும் பாட்டைச் சொன்னேன். பிறகு இருவரும் திரும்பிக் கட்சருக்கு வந்துவிடுவோம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பின்னேரம் நான் கடைக்குப் போவதை நிறுத்தினேன்.

ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை என் கட்சரின் அணி ரொறன்ரோவுக்கு வந்து ஆடியது. பகல் ஆட்டம். சோற்றுக் கோப்பையோடு ரேடியோவுக்குப் பக்கத்தில் இருந்தேன். அடிப்பவரின் மட்டையில் உரசிய பந்து திசை மாறி, கட்சரின் வெறுங்கையில் பட்டது. வர்ணனைக்காரர் பேச்சை நிறுத்திவிட்டார். ஆட்களின் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு அவர், "கையுறையைக் கழற்றிவிட்டார். வலது கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். இது நல்லதாகத் தெரியவில்லை" என்றார். பத்து நிமிடத்துக்குப் பிறகு பெருவிரல் என்றார்கள்.

கதவு தட்டியது. பக்கத்து அப்பார்ட்மென்ட் அன்ரி, கீரைக் கறியோடு நின்றார். என் முகத்தைப் பார்த்ததும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். ஊரில் சண்டை நடந்த அந்த வருடங்களில் முகம் வாடியிருந்தால் எல்லோருக்கும் ஒரே நினைப்புத்தான் வரும்.

"என்ன பிள்ளை? ஊரிலையிருந்து ஏதும் செய்தியோ?"

"இல்லை அன்ரி. ஒருத்தற்றை பெருவிரல் முறிஞ்சு போச்சு."

"ஆருக்கு? வேலையிடத்திலையோ?"

"விளையாட்டிலை அன்ரி. என்ரை கட்சருக்கு."

அன்ரி சோபாவில் இருந்தார். அப்போது ரெலிபோன் அடித்தது. சனிக்கிழமை தீவுக்காரர் எடுப்பதில்லை, அன்று எடுத்தார். "கேட்டீர்களா?" என்றார். "கேட்டேன்" என்றேன். "எனக்கு வருத்தமாக இருக்கிறது" என்றார். யாரோ செத்த வீட்டுக்குச் சொல்வது போலச் சொன்னார். நான் நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

"ஆர் உந்த வெள்ளைக்காரர்?" என்றார் அன்ரி.

"ஒஃபிசிலை வேலை செய்யிறவர்."

"ஞாயிற்றுக்கிழமையளிலும் உன்ரை ரெலிபோன் அடிக்குது. சுவராலை கேக்கும். உவ்வளவு நேரமும் என்ன கதைக்கிறியள்?"

"கட்சரைப் பற்றித்தான் அன்ரி."

"அவருக்குத்தானே இப்ப விரல் முறிஞ்சது?"

"ஓம்."

அன்ரி சோபாவை விட்டு எழும்பினார். "சோறு ஆறுது, சாப்பிடு" என்றார். போகும்போது கதவடியில் நின்று, "நீ ஒரு கலியாணத்தைப் பார்த்திருக்கலாம் பிள்ளை" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால் எனக்கும் கோபம் வரவில்லை.

என்னிடம் இப்போது சும்மா இருக்கிற ஒரு கட்சரும், விரல் முறிந்த ஒரு கட்சரும் இருந்தார்கள். ஒருவரும் எடுக்காமல் வெளியே நின்ற நாலு பேரையும் பார்த்தேன். ஒருவர் நாற்பதை எட்டிக்கொண்டிருந்தார். இன்னொருவர் அந்த வருடம் ஒரு ஹோம் ரன்கூட அடிக்கவில்லை. அந்தக் கிழமை தீவுக்காரர் மத்தியானச் சாப்பாட்டின்போது, தன்னுடைய நல்ல கட்சரைத் தருவதாகவும், என்னிடம் இருந்த ஒரு பந்து எறிபவரைத் தரும்படியும் கேட்டார். சமமான மாற்று இல்லை. எனக்கு அது விளங்காமல் இல்லை.

"இரக்கப்பட்டா தருகிறீர்கள்?" என்று கேட்டேன்.

"எனக்குப் பந்து எறிபவர் வேண்டும்" என்றார். சான்ட்விச்சைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

மாற்றிக்கொண்டோம். ஆகஸ்டில் நான் நாலாம் இடத்துக்கு ஏறினேன். என் கட்சரின் கட்டை அவிழ்த்துவிட்டார்கள், அடுத்த கிழமை வந்துவிடுவார் என்று பத்திரிகையில் ஒரு வரி வந்தது. அவர் திரும்பி வர இருந்த அந்தக் கிழமைதான் ஸ்ட்ரைக் தொடங்கியது. வீரர்களுக்கும் முதலாளிமாருக்கும் சம்பளப் பிணக்கு. ஒருநாளில் எல்லா மைதானங்களும் பூட்டப்பட்டன.

முதல் சில நாட்கள் நான் வழக்கமான நேரத்துக்கு ரேடியோவைப் போட்டேன். பழைய ஆட்டங்களின் பதிவுகளைப் போட்டார்கள். முடிவு தெரிந்த ஆட்டத்தைக் கேட்பது, இறந்தவரின் குரலைக் கசற்றில் கேட்பது மாதிரி இருந்தது. பிறகு அதுவும் இல்லை. யாரோ வீடு விற்பதைப் பற்றிப் பேசினார்கள். நிறுத்தினேன். அப்பார்ட்மென்ட் அவ்வளவு அமைதியாக இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. லிஃப்ட் ஏறி இறங்குவது கேட்டது. அன்ரியின் பேரப்பிள்ளைகள் அழுவது கேட்டது. குளிர்சாதனப் பெட்டி இரவு பகலாக இரைகிற சத்தம் ஒன்று இருந்தது. நான் அதை முன்பு கேட்டதே இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் ரெலிபோனும் அடிக்கவில்லை. பேச ஒன்றும் இல்லைத்தானே. ஒஃபிசில் அவர் தூரத்தில் இருந்து தலையாட்டுவார். மத்தியானத்தில் அவர் வேறு ஊர்களுக்கு விசாரணைக்குப் போகத் தொடங்கியிருந்தார். செப்டம்பரில், அந்த வருட ஆட்டம் இனி இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். எங்கள் பன்னிரண்டு பேரும் ஒரு மத்தியானம் கூடி, எங்கள் விளையாட்டையும் அந்த இடத்திலேயே முடித்துக்கொண்டோம்.

அதற்கு அடுத்த ஞாயிறு ரெலிபோன் அடித்தது.

"ஒரு செய்தியும் இல்லை" என்றார் தீவுக்காரர். "சும்மா எடுத்தேன்."

"ஓ" என்றேன். ரெலிபோனை வைக்கப் போகிறாரோ என்று பயமாக இருந்தது.

"சம்பளம் வாங்காதவர்கள் ஸ்ட்ரைக் செய்வதில்லை" என்றார் பிறகு. "மேற்குப் பக்கத்தில் ஒரு பூங்காவில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடுவார்கள். வருகிறீர்களா?"

சப்வேயில் போனேன். தெருவில் இருந்து குழிபோலத் தாழ்ந்து கிடந்த பூங்கா அது. சரிவில் புல், அடியில் மைதானம். தீவுக்காரர் எனக்கு முன்பே வந்து கட்சருக்கு நேர் பின்னால் ஒரு இடம் பிடித்து வைத்திருந்தார். நான் அதுவரை ஒரு கட்சரை ரெலிவிஷனில் மட்டும்தான் பார்த்திருந்தேன். இவர் பத்து அடி தூரத்தில் இருந்தார். முழங்காலில் அழுக்குக் கட்டு. பகலில் எங்கோ பைப் வேலை செய்பவர் என்று நினைக்கிறேன்; அப்படி ஒரு கை.

எனக்கு அதிசயமாக இருந்தது, அவர் பேசிக்கொண்டே இருந்தார். பந்து எறிபவருடன், நடுவருடன், அடிக்க வந்த எதிரணிக்காரனுடன். "என்ன தம்பி, கல்யாணம் எப்படிப் போச்சு?" என்கிற மாதிரிக் கேள்விகள். ஒரு பந்துக்கும் மற்றப் பந்துக்கும் இடையில் அவர் வாய் மூடவே இல்லை.

"இவர்கள் பேச மாட்டார்கள் என்று நினைத்திருந்தேன்" என்றேன்.

"ரேடியோவில் கேட்காது" என்றார் தீவுக்காரர்.

ஒன்பதில் ஐந்தாவது இன்னிங்ஸ் முடிய தீவுக்காரர் சொன்னார்: "நான் ஊருக்குத் திரும்பிப் போகிறேன். அண்ணன் தனியாக இருக்கிறார். கண் சரியாகத் தெரிவதில்லை அவருக்கு."

"எப்போது?"

"டிசம்பரில், நத்தாருக்கு முன்."

மைதானத்தைப் பார்த்தேன். கேட்க வேண்டிய கேள்விகள் பல இருந்தன. "அங்கே ரேடியோவில் ஆட்டம் வருமா?" என்று கேட்டேன்.

"காற்று நல்லாக இருந்தால் அமெரிக்கக் கரையில் இருந்து கொஞ்சம் வரும்."

"நல்லது" என்றேன்.

ஆட்டம் முடிந்ததும் ஸ்டேஷன் வரை கூட நடந்து வந்தார். கை கொடுத்தார். கை குளிர்ந்திருந்தது. ரயிலில் எனக்கு எதிரில் ஒரு தமிழ்க் குடும்பம், கோயிலுக்குப் போய் வருகிறது போல, பட்டும் விபூதியுமாக. அவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வார்டன் ஸ்டேஷனில் இறங்கி பஸ்ஸுக்கு நின்றபோதுதான், அவருடைய வயதைக்கூட நான் கேட்டதில்லை என்று நினைவு வந்தது.

அடுத்த வசந்தத்தில் ஸ்ட்ரைக் முடிந்தது. ஏலம் பிந்தி, ஏப்ரல் கடைசியில் நடந்தது. தீவுக்காரரின் கதிரையில் புதிதாக வந்த ஒரு இளைஞர் இருந்தார். பலருக்கு அந்த விளையாட்டில் கோபம் தணியவில்லை. ஏலம் சோர்வாகப் போனது. என் கட்சரின் பெயர் வந்தது. ஐந்து என்றார் ஒருவர். எட்டு, பத்து. நான் பதினொன்று என்றேன். மேசையைச் சுற்றிப் பார்த்தேன். புதியவர் தன் முன்னால் இருந்த கோப்பியைக் கலக்கிக்கொண்டிருந்தார்.

"போன வருடம் கையைச் சுட்டுக்கொண்டது போதாதா?" என்று சிரித்தார் கணக்குப் பிரிவு மேலாளர். கரண்டியால் தட்டினார். ஒருதரம், இரண்டுதரம். யாராவது பன்னிரண்டு சொல்ல மாட்டார்களா என்று நான் காத்திருந்தேன். நான் இன்னும் போகத் தயாராக இருந்தேன். போச்சு என்றார். மிச்சமாகக் கையில் கிடந்த அவ்வளவு காசையும் வைத்துக்கொண்டு எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

அன்று வீட்டுக்கு வந்து, தீவுக்காரர் போகும்போது எழுதித் தந்திருந்த இலக்கத்துக்கு எடுத்தேன். அண்ணன்தான் எடுத்தார், அவர் குரலும் அதே மாதிரி இருந்தது. பிறகு இவர் வந்தார்.

"என்ன விலைக்கு எடுத்தீர்கள்?"

"பதினொன்று."

அவர் நீளமாகச் சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது. "நான் அங்கே இருந்திருந்தால் முப்பது கொடுத்திருப்பீர்கள்" என்றார்.

"ஓம்" என்றேன். தமிழில் சொன்னேன் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அவர் அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்கவில்லை.

என் கட்சர் அந்த வருடம் ஒருநாளும் காயப்படவில்லை. நன்றாக அடித்தார். நான் மூன்றாவதாக வந்தேன். தீவுக்காரருக்கு இன்னும் இரண்டு தடவை எடுத்தேன். பேச்சு ஒவ்வொரு தடவையும் குறைந்தது. அவருக்கு அங்கே காற்று சரியில்லை, ஆட்டம் கேட்பதில்லை என்றார். நத்தாருக்கு வாழ்த்து அட்டை வந்தது, அதற்கடுத்த வருடமும் வந்தது. பிறகு வரவில்லை. நானும் அந்தக் கம்பனியை விட்டு வேறு வேலைக்குப் போனேன். ஏலத்துக்கு யாரும் கூப்பிடவில்லை.

ஆனால் கோடை ஞாயிறுகளில் அந்தப் பூங்காவுக்குப் போவதை விடவில்லை. டோர்செட் பார்க்கில் இருந்து பஸ்ஸும் சப்வேயுமாக ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பிடிக்கும். சரிவில் கட்சருக்குப் பின்னால் போய் இருப்பேன். ஆடுபவர்களின் மனைவிமார், தாய்மார், நண்பர்கள் அங்கங்கே விரிப்புப் போட்டு இருப்பார்கள். அவர்களுக்கு என்னைப் பார்த்துப் பழகிவிட்டது. ஆனால் யாரும் பேசியதில்லை.

ஒரு ஞாயிறு, தொப்பி போட்ட ஒரு அம்மா, என்னை விட வயதானவர், என் பக்கம் திரும்பிக் கேட்டார்: "இதில் உங்களுடையவர் யார்?"

"ஒருவரும் இல்லை" என்றேன். "சும்மா வருவேன்."

அவர் வலது மூலையில் தூரத்தில் நின்ற ஒருவனைக் காட்டி, "அது என் மகன். ஒன்றையும் பிடிக்க மாட்டான்" என்றார். விரிப்பில் கிடந்த பையைத் தூக்கி மற்றப் பக்கம் வைத்தார். நான் எழும்பிப் போய் அந்த இடத்தில் இருந்தேன்.

ஏழாவது இன்னிங்ஸில் பந்து ஒன்று உயரமாக அவனிடம் போனது. அவன் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு பின்னால் பின்னால் போய், கடைசியில் அதைத் தவற விட்டான். அந்த அம்மா முகத்தைத் தொப்பியால் மூடிக்கொண்டார்.

"வெயில் கண்ணில் அடித்தது" என்று அவருக்குச் சொன்னேன்.